இஎக்ஸ்இ ஆக்கிய பால் கணக்கு நிரல்: என் லேப்டாப்பில் ஓடுகிறது, சொசைட்டி கணினியில் பதிவே நிற்கவில்லை

கறவைக்கணக்கு கேட்டது:

வணக்கம். எங்கள் ஊர் பால் சொசைட்டியில் அப்பாதான் செயலாளர். பால் ஊற்றுகிறவர்கள் 140 பேருக்கு மேல். காலை ஐந்தரைக்கு ஒரு வேளை, மாலை மூன்றரைக்கு ஒரு வேளை. ஆளுக்கு ஆள் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எல்லாம் நோட்டில் எழுதி, பத்து நாளைக்கு ஒரு தடவை கூட்டிப் பில் போடுவார். கால்குலேட்டரும் கையுமாக ராத்திரி பன்னிரண்டு மணிவரை அவர் உட்கார்ந்திருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதற்காகத்தான் இந்த நிரலை எழுதினேன்.

பைத்தான். திரைக்கு டிகிண்டர், பதிவுகளுக்கு எஸ்கியூலைட், உறுப்பினர் பெயர்கள் ஒரு சிஎஸ்வி கோப்பில். சீட்டை பில்லோ என்ற பட நூலகம் வைத்துப் படமாக வரைந்து தெர்மல் பிரிண்டருக்கு அனுப்புகிறேன். தமிழ் எழுத்துருவையும் கூடவே சேர்த்துவிட்டேன். என் லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். பழைய நோட்டுகளை வைத்து மூன்று மாதக் கணக்கை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன், பைசா பிசகவில்லை.

சொசைட்டியில் இருப்பது விண்டோஸ் 10. லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு பைத்தான் நிரலை இஎக்ஸ்இ ஆக்கித் தரும் பைஇன்ஸ்டாலரால் விண்டோஸுக்கு எடுக்க முடியாது என்பதால் நண்பனின் விண்டோஸ் 11 லேப்டாப்பில் பைத்தான் 3.12 போட்டு, ஒன்ஃபைல் (எல்லாம் ஒரே கோப்பாக), விண்டோட் (கட்டளைத் திரை இல்லாமல்) என்ற இரண்டு தெரிவுகளோடு ஒரே இஎக்ஸ்இ ஆக்கினேன். அவன் லேப்டாப்பில் திரை வந்தது, பெயர்ப் பட்டியல் வந்தது. பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

சொசைட்டியில் முதல் வேளையிலேயே 'பெயர்ப் பட்டியல்' பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. எண்ணை அடித்தால் பதிவாகிறது, சரி, பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா ஓட்டினார். சீட்டு அடித்தால் 'பெயர்' என்ற தலைப்பில் கொம்பு ப-வுக்கு வலது பக்கம் நிற்கிறது. 'கொழுப்பு' வாசிக்கவே முடியவில்லை. என் உபுண்டுவில் இதற்கு நேர் தலைகீழ்: டிகிண்டர் திரையில்தான் தமிழ் உடையும், சீட்டு அச்சு அசலாக வரும்.

இதெல்லாம் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்துத் தொகை பார்க்கப் போனால் பதிவே இல்லை. நான்கு வேளை, ஒரு வரிகூட இல்லை. திரையில் அந்தந்த வேளைப் பதிவு மட்டும் தெரியும்படி வைத்திருந்ததால் முதலிலேயே கண்ணில் படவில்லை. மூடும்போதெல்லாம் டி டிரைவில் காப்புப் பிரதி எடுக்கும்படி எழுதியிருந்தேன். அந்தக் கோப்புகளைப் பார்த்தால் எல்லாமே 0 கேபி.

லிட்டர் உறுப்பினர் அட்டையில் இருக்கிறது. கொழுப்பும் எஸ்என்எஃபும் கணினியில் மட்டும்தான் ஏற்றினோம், விலையே அதை வைத்துத்தான். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்திருக்கிறார். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. எங்கே தப்பு செய்தேன் என்று யாராவது சொல்லுங்கள்.


வைகைக்கரை:

தம்பி, முதலில் இதைச் செய்யுங்கள். அந்தக் கணினியில் டெம்ப் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிற எதையும் ஓட்ட வேண்டாம். டி டிரைவில் இருக்கும் 0 கேபி கோப்புகளை அழிக்க வேண்டாம், பென்டிரைவுக்கு நகர்த்தவும் வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, நீங்கள் காப்பு எடுக்கும் வரியைக் காட்டினால் உறுதியாகச் சொல்லலாம்.

பொத்தான் ஊமையாக இருப்பதற்குக் காரணம் விண்டோட் தெரிவு. அப்படி பில்டு செய்தால் கன்சோல் கிடையாது, பைத்தானுக்குள் பிழைச் செய்தி போகும் வழியான எஸ்டிடிஎரர் 'நன்', அதாவது ஒன்றுமில்லை, ஆகிவிடும். பொத்தானுக்குள் ஏதாவது விழுந்தால் டிகிண்டர் அந்தப் பிழையை எஸ்டிடிஎரரில்தான் எழுதப் போகும். எழுத இடம் இல்லை, பேசாமல் திரும்பிவிடும். கன்சோலோடு ஒரு தடவை பில்டு செய்து, அதே கணினியில் ஓட்டி, வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.


கறவைக்கணக்கு:

ரொம்ப நன்றி அண்ணா. இன்று மாலை வேளை முடிந்ததும் போய் ஓட்டினேன். வந்தது இது: யூனிகோட்டிகோட்எரர், 'சார்மேப்' கோடெக்கால் பைட் 0எக்ஸ்8டி-யைப் படிக்க முடியவில்லை, இடம் 8, கேரக்டர் மேப்ஸ் டு அன்டிஃபைன்ட்.

சிஎஸ்வி கோப்பின் முதல் வரி: எண்,பெயர்,கிராமம்,மாடு. கோப்பை வெறும் ஓபன் போட்டுத்தான் திறக்கிறேன், என்கோடிங் எதுவும் கொடுக்கவில்லை. நண்பன் லேப்டாப்பில் இதே இஎக்ஸ்இ இன்றைக்கும் பட்டியலைக் காட்டுகிறது. அதுதான் தலை சுற்றுகிறது.

எஸ்கியூலைட் கோப்பை நிரல் இருக்கும் இடத்திலேயே, அதாவது '__ஃபைல்__' காட்டும் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். காப்புக்கு அதைத் திறந்து வாசித்து அப்படியே இன்னொரு கோப்பில் எழுதுகிறேன். பெயர் இப்படி: 'காப்பு', தேதி, ஓர் இடைவெளி, மணி:நிமிடம், பிறகு .டிபி.

இன்னொன்று அப்பா இப்போதுதான் சொன்னார். முதல் நாள் மாலை பாதியில் கரண்ட் போய்விட்டதாம். வந்த பிறகு திறந்தால் திரை காலியாக இருந்திருக்கிறது. கணினி அணைந்ததால் அப்படி இருக்கும் என்று நினைத்து மீதிப் பேருக்குத் தொடர்ந்து போட்டிருக்கிறார்.


அச்சுக்கோத்தவள்:

கரண்ட் போனது நல்லதாகப் போயிற்று, தம்பி. நிஜமாகத்தான் சொல்கிறேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த 8 என்ற எண். உங்கள் கோப்பின் முதல் சொல் 'எண்'. யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பைட்டாக எழுதும் முறைதான் யுடிஎஃப்-8, அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் எ-வுக்கு 0, 1, 2. ண-வுக்கு 3, 4, 5. அடுத்து புள்ளி, அது 6, 7, 8. புள்ளியின் மூன்று பைட் ஈ0, ஏஎஃப், 8டி. ஆக, உங்கள் நிரல் 'எண்' என்ற சொல்லின் புள்ளியில் இடறி விழுந்திருக்கிறது.

ஏன் புள்ளியில்? நம் ஊரில் ஆங்கில அமைப்போடு வருகிற விண்டோஸில் வெறும் ஓபன் போட்டால் பைத்தான் கோப்பை சிபி1252 என்று எடுத்துக்கொள்ளும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியல் அது. அதன் 256 இடங்களில் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்துக்கு எழுத்தே கிடையாது. புள்ளியின் கடைசி பைட் 8டி. 'மு', 'கு', 'டு' எல்லாவற்றிலும் வருகிற உகரக் குறியின் கடைசி பைட் 81. ஏ-வுக்கு 8எஃப், ஐ-க்கு 90. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? அதனால்தான் எந்தத் தமிழ்க் கோப்பானாலும் முதல் வரியிலேயே விழும். விழுந்தது நமக்கு நல்லது. 'மாலா' என்று மட்டும் இருந்திருந்தால் அதில் இந்த ஐந்து பைட்டும் கிடையாது. பிழை இல்லாமலே தலையில் கொக்கி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக உள்ளே போய்த் தரவோடு தரவாக உட்கார்ந்திருக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் கோத்த மலர்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தவள் நான். சத்தம் போடாத பிழைதான் ஆளைக் கொல்லும்.

நண்பர் லேப்டாப்பில் ஓடுவதற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். விண்டோஸின் மண்டல அமைப்பில், நிர்வாகப் பகுதிக்குள், யுடிஎஃப்-8ஐ உலகளவில் பயன்படுத்து என்று ஒரு பீட்டா தெரிவு உண்டு. அதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் கணினியில் மட்டும் பைத்தானுக்கு யுடிஎஃப்-8 இயல்பாகக் கிடைத்துவிடும். சொசைட்டி கணினியில் போய் அதே டிக்கைப் போட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் பழைய மென்பொருள்கள் குழம்பும். நிரலைத்தான் திருத்த வேண்டும்.

திருத்தம்: ஓபன் வரும் ஒவ்வோர் இடத்திலும் என்கோடிங் கொடுங்கள். எழுதும்போது யுடிஎஃப்-8. இந்த சிஎஸ்வியைப் படிக்கும்போது மட்டும் 'யுடிஎஃப்-8-சிக்'. அப்பா என்றைக்காவது எக்செலில் திறந்து ஒரு பெயரைத் திருத்தி 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமிப்பார். எக்செல் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒன்றை வைக்கும். அப்புறம் உங்கள் முதல் தலைப்பு 'எண்' இல்லை, குறியோடு ஒட்டிய 'எண்', அந்தத் தலைப்பைக் காணோம் என்று கீஎரர் வரும். சிக் அந்தக் குறியை விழுங்கிவிடும். வெறும் 'சிஎஸ்வி' என்று சேமித்தாலோ பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறியாகிவிடும், திரும்ப வராது. அதனால் பெயர்க் கோப்பின் மூலப் பிரதி ஒன்று உங்களிடம் தனியாக இருக்கட்டும்.

எந்த ஓபனை விட்டுவிட்டோம் என்று கண்ணால் தேட வேண்டாம். பைத்தான் 3.10க்கு மேல் 'எக்ஸ் வார்ன்_டிஃபால்ட்_என்கோடிங்' என்ற தெரிவோடு நிரலை ஓட்டினால், ஓடிய இடங்களில் என்கோடிங் கொடுக்காத ஒவ்வொரு வரியையும் சொல்லும். உபுண்டுவில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். 3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 தானே இயல்பாகிவிடும் என்று பைத்தானின் மாற்றத் திட்ட ஆவணமான பெப் 686 சொல்கிறது, ஆனாலும் கையால் எழுதிவிடுங்கள். சொசைட்டி கணினியில் எந்தப் பதிப்பு எத்தனை வருஷம் இருக்குமோ.

இனி பதிவு போன கதை. ஒன்ஃபைல் இஎக்ஸ்இ உண்மையில் ஒரு மூட்டை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விண்டோஸின் டெம்ப் ஃபோல்டருக்குள் '_எம்இஐ' என்று தொடங்கும் ஒரு புது ஃபோல்டரில் மூட்டையைப் பிரித்து, அங்கிருந்துதான் நிரல் ஓடும். '__ஃபைல்__' காட்டுவது அந்த இடத்தைத்தான். அப்பா அடித்த பதிவுகள் அங்கே ஒழுங்காகத்தான் சேர்ந்திருக்கும். நிரலை மூடியதும் பைஇன்ஸ்டாலர் அந்த ஃபோல்டரை அழித்துவிடும். அடுத்த தடவை மூட்டையிலிருந்து காலி டேட்டாபேஸ் புதிதாக வரும். ஆனால் கரண்ட் போனால் மூடுகிற வேலை நடக்காது. ஃபோல்டர் அப்படியே கிடக்கும். முதல் நாள் மாலை, கரண்ட் போகும்வரை போட்ட பதிவு அங்கே இருக்க வேண்டும். வைகைக்கரை டெம்பைத் தொடாதே என்றது இதற்காகத்தான்.

அடுத்தது 0 கேபி. விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் முக்காற்புள்ளி கூடாது. லினக்ஸ் அதைப் பொருட்படுத்தாது, நீங்களும் '07:40' என்று எழுதிவிட்டீர்கள். விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் உள்ள டிரைவில் இதற்குப் பிழைகூட வராது. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது கோப்பின் பெயர், பின்னால் இருப்பது அந்தக் கோப்போடு ஒட்டிய மாற்று ஓடையின் பெயர் என்று அது எடுத்துக்கொள்ளும். '07' என்று முடிகிற ஒரு கோப்பு உருவாகும், அதன் மேல்பகுதி காலி, அதனால் 0 கேபி. உங்கள் தரவு முழுவதும் '40.டிபி' என்ற ஓடைக்குள் பத்திரமாக இருக்கிறது.

கட்டளைத் திரையில் அந்த ஃபோல்டருக்குப் போய் டிர் கட்டளையை /ஆர் என்ற தெரிவோடு அடியுங்கள். ஓடைகளும் அவற்றின் உண்மையான அளவும் தெரியும். பிறகு அதே கணினியில் பைத்தானில் முக்காற்புள்ளியோடு முழுப் பெயரையும் கொடுத்து பைனரியாகத் திறந்து வாசியுங்கள், முக்காற்புள்ளி இல்லாத பெயரில் எழுதுங்கள். பென்டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அங்கே ஓடை என்பதே கிடையாது. நகர்த்தியிருந்தால் வெறும் 0 கேபி கோப்புதான் போய்ச் சேர்ந்திருக்கும். மெயிலில் அனுப்பினாலும் அதே கதி.

இனிமேல் டேட்டாபேஸை நிரலோடு வைக்காதீர்கள். பயனரின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் உங்கள் நிரலுக்கு ஒரு ஃபோல்டர். பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற நூலகம் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் சரியான இடத்தைச் சொல்லும். எழுத்துரு மாதிரி வாசிக்க மட்டும் வேண்டியதை நிரலோடு வையுங்கள், எழுதுவதை வெளியே வையுங்கள். ஒன்ஃபைலையும் விட்டுவிடுங்கள். ஒன்டிர் என்று ஃபோல்டராக எடுத்தால் ஒவ்வொரு தடவையும் மூட்டை பிரிக்க வேண்டாம், சீக்கிரம் திறக்கும், ஆன்டிவைரஸ் சந்தேகமும் குறையும்.


எழுத்துச்சேர்க்கை:

சீட்டில் கொம்பு இடம் மாறுவதற்கு நான் பதில் சொல்கிறேன், இதில் நானும் அடிபட்டிருக்கிறேன்.

யூனிகோடில் 'பெ' என்பது ப, அப்புறம் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். வரையும்போது கொம்பை இடப்பக்கம் தூக்கி வைப்பதும், ழ-வையும் உகரத்தையும் சேர்த்து 'ழு' ஆக்குவதும் வேறொரு நூலகத்தின் வேலை. பில்லோவில் அதற்கு ரக்ம். பில்லோவை பிப் வழியாகப் போட்டால் ரக்ம் உள்ளேயே வரும், ஆனால் அதற்கு ஃபிரிபிடி என்ற இன்னொரு நூலகம் வேண்டும். அது உள்ளே வராது. ஓடும்போது கணினியில் தேடி எடுத்துக்கொள்ளும். உபுண்டு டெஸ்க்டாப்பில் ஃபிரிபிடி ஏற்கெனவே இருக்கும், விண்டோஸில் இருக்காது. கிடைக்காவிட்டால் பில்லோ எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போய்விடும். அதுதான் உங்கள் 'பெயர்'.

திரை தலைகீழாக இருப்பதும் இதே கதைதான். விண்டோஸில் டிகிண்டர் எழுத்தை விண்டோஸிடமே வரையச் சொல்கிறது, அதற்குத் தமிழ் கோக்கத் தெரியும். லினக்ஸில் டிகே 8.6க்கு அது தெரியாது.

பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் செக் என்று கேட்டு 'ரக்ம்' இருக்கிறதா பாருங்கள். உபுண்டுவில் ட்ரூ, சொசைட்டியில் ஃபால்ஸ் என்று வரும். ஃபிரிபிடியின் டிஎல்எல் (விண்டோஸ் நூலகக் கோப்பு) ஒன்றை எடுத்து, உங்கள் பைத்தான் 64 பிட் என்றால் அதுவும் 64 பிட்டாக, ஆட்-பைனரி தெரிவில் கொடுத்து உள்ளே சேருங்கள். பைஇன்ஸ்டாலர் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எந்த இம்போர்ட்டிலும் இதன் பெயர் இல்லை. நிரல் தொடங்கும்போதே ரக்ம் இல்லையென்றால் சீட்டு அடிக்க மறுத்து ஒரு பெட்டியில் காரணம் சொல்லும்படி செய்யுங்கள். பெயர் உடைந்த சீட்டை ஒருவர் கையில் கொடுக்கக் கூடாது.


கரிசல்காடு:

அக்கா சொன்னதோடு ஒன்று. பக்கத்து ஊர் சொசைட்டி கேட்டால் கொடுக்கும் முன் அங்கே விண்டோஸ் 7 இருக்கிறதா என்று பாருங்கள். பைத்தான் 3.12இல் எடுத்தது அங்கே திறக்கவே திறக்காது. பெயரில் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் டிஎல்எல்லைக் காணோம் என்று சொல்லும். இணையத்தில் அந்த டிஎல்எல்லைத் தேடி இறக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8, அதற்கேற்ற கடைசி பில்லோ 10.4. கணினி 32 பிட் என்றால் பைத்தானும் 32 பிட், ஃபிரிபிடியும் 32 பிட்.

தேதியில் முன்னால் வரும் பூஜ்யத்தை எடுக்க, தேதியை எழுத்தாக்கும் எஸ்டிஆர்எஃப்டைமில் கழித்தல் குறி போட்டிருந்தால் அதுவும் விண்டோஸில் விழும். தேதியின் டே மதிப்பை நேரடியாக எடுத்துப் போடுவதுதான் எங்கும் ஓடும்.


கறவைக்கணக்கு:

அக்கா, கிடைத்துவிட்டது. டிர் கட்டளையை /ஆர் போட்டு அடித்ததும் 0 என்ற எண்ணுக்குக் கீழே ஓடைகளின் அளவு வரிசையாக வந்தது. நான்கு காப்பு. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டெம்புக்குள் '_எம்இஐ' ஃபோல்டர் ஒன்றே ஒன்று கிடந்தது, அதில் முதல் நாள் மாலையின் 61 பதிவு. ஐந்தையும் சேர்த்து ஒரே கோப்பாக்கி, உறுப்பினர் அட்டையிலுள்ள லிட்டரோடு அப்பாவும் நானும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரி.

நண்பன் லேப்டாப்பில் அந்த பீட்டா டிக் இருந்தது. ஏதோ ஒரு விளையாட்டுக்காக எப்போதோ போட்டானாம்.

வார்ன் தெரிவோடு ஓட்டியதில் நான் மறந்த ஓபன் ஏழு வந்தது. எல்லாவற்றுக்கும் என்கோடிங் கொடுத்துவிட்டேன். டேட்டாபேஸ் இப்போது ஆப்டேட்டாவில், காப்பின் பெயரில் முக்காற்புள்ளிக்குப் பதில் சிறுகோடு. பொத்தானுக்குள் எது விழுந்தாலும் ஒரு லாக் கோப்பில் எழுதி, அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பெட்டியும் வரும். ஃபிரிபிடி சேர்த்த பிறகு 'கொழுப்பு' கொழுப்பாகவே அச்சாகிறது. கரிசல்காடு அண்ணா, பக்கத்து ஊரில் விண்டோஸ் 7, 32 பிட்டேதான். 3.8 போட்டு அடுத்த வாரம் எடுக்கிறேன்.

நாளைக் காலை வேளையிலிருந்து நோட்டும் கணினியும் சேர்ந்து ஓடும், அப்பா சரி என்று சொல்லிவிட்டார். பத்து நாள் பில் இரண்டிலும் ஒத்து வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.